குதிரை இறந்த வயல்

யோக்யகர்த்தாவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முகவரியை ஒருமுறை எழுதிக் கொடுத்தபோது, இந்தோனேசிய மொழி அறிந்த நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஊரின் பெயர் பாங்குன்ஜிவோ. ‘பாங்குன்’ என்றால் எழுப்புதல். ‘ஜிவோ’ என்பது நாம் சொல்லும் சீவன்தான். ஊர் அடங்கியிருக்கும் வட்டத்தின் பெயர் காசிஹான். பிறர் துன்பம் கண்டு ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல அம்மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொல் அது. “உயிரை எழுப்பும் ஊர், ஐயோபாவம் வட்டம். இந்த முகவரிக்கு யாரும் கடன் கேட்டுக் கடிதம் எழுதமாட்டார்கள்” என்றார் நண்பர்.

2004ஆம் ஆண்டின் நடுவில் நாங்கள் அங்கே குடிபோனோம். எங்களில் ஒருவருக்கு நகரில் இரண்டாண்டு ஆசிரியப் பணி கிடைத்திருந்தது. மற்றவர் உடன் சென்றவர். யோக்யகர்த்தா சுல்தானின் நகரம் என்றும் மாணவர்களின் நகரம் என்றும் புகழ்பெற்றது. ஆனால் நகராட்சியின் பரப்பு 32.5 சதுர கிலோமீட்டர்தான். நகரம் என்று வெளியூர்க்காரர் நினைப்பதில் பெரும்பகுதி வடக்கே ஸ்லேமான், தெற்கே பந்துல் ஆகிய மாவட்டங்களின் வயல்களுக்குள் பரவிக் கிடக்கிறது. வாடகை குறைவு என்பதால் நாங்கள் தெற்கைத் தேர்ந்தெடுத்தோம். அரண்மனைப் பக்கமிருந்து பந்துல் சாலையில் தெற்கே சென்று, நகரைச் சுற்றும் வட்டச்சாலையைக் கடந்து, சற்றுத் தொலைவில் வலப்புறம் திரும்பினால் கசோங்கான். பாங்குன்ஜிவோவில் பல குடியிருப்புகள் உண்டென்றாலும் வெளியுலகம் அறிந்தது இந்தக் குயவர் குடியிருப்பைத்தான். எங்கள் வாடகை வீடு அதன் மறு கோடியில், வயலோரத்தில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் நகரிலிருந்து இருபது நிமிடம்.

திரும்பிய உடனேயே குதிரைகள் தொடங்கிவிடும். சாலையின் இருபுறமும் கடைகள். கடைதோறும் வாசலில் சுடுமண் குதிரைகள். பாயும் குதிரை, நிற்கும் குதிரை, ஆளுயரக் குதிரை, உள்ளங்கையில் அடங்கும் குதிரை. முதல் வாரத்தில் நாங்கள் எண்ணிப் பார்த்து, ஒரு தெருவோடு கைவிட்டோம். அவற்றினிடையே பூச்சாடிகள், புத்தர் தலைகள், தவளைகள், உண்டியல்கள். குதிரை மட்டும் ஏன் இத்தனை என்று அடுத்த வீட்டு மூதாட்டியிடம் கேட்டோம். அப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். சிறுமியாக இருந்தபோதே சக்கரத்தின் முன் அமர்ந்தவர். ஊரில் எல்லோரும் அவரைச் ‘சிம்பா’ என்று அழைத்தார்கள். ஜாவா மொழியில் பாட்டனுக்கும் பாட்டிக்கும் பொதுவான சொல் அது. நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவர் எங்களை ‘மஸ்’, ‘எம்பாக்’ என்று அழைப்பார். அண்ணன், அக்காள் என்று பொருள். தம்மைவிட இளையவர்களையும் அப்படி அழைப்பதுதான் அங்கே மரியாதை.

குதிரையைப் பற்றிக் கேட்டதும் சிம்பா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கதை சொன்னார்.

டச்சுக்காரர் ஆண்ட காலம். அவர்களுடைய அதிகாரி ஒருவரின் குதிரை, ஒருநாள் காலையில் இந்த ஊர் நெல்வயல் ஒன்றில் இறந்து கிடந்தது. எப்படி இறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வயலின் சொந்தக்காரர் நடுங்கிப்போனார். விசாரணை வரும், தண்டனை வரும். தப்பிக்க அவருக்கு ஒரே வழிதான் தோன்றியது. “இந்த வயல் என்னுடையதல்ல” என்று சொல்லிவிட்டார். அவருடையதல்ல என்றால் பக்கத்து வயல்காரரை அல்லவா பிடிப்பார்கள்? அவரும் “என்னுடையதல்ல” என்றார். அவருக்கு அடுத்தவரும் அப்படியே. இவ்வாறு ஊரே தன் வயல்களைத் தனதல்ல என்று சொல்லிவிட்டது. ஆபத்து விலகிப் போயிற்று. நிலமும் கூடவே போயிற்று. உரிமை கோருவாரற்ற வயல்களை வேற்றூரார் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வீட்டைச் சுற்றிய கொல்லை மட்டும் மிஞ்சியவர்கள், காலடியில் கிடந்த களிமண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்கள். அது விண்டு போகாமல் கைக்கு இசைந்து கொடுத்தது. குழந்தைகளுக்குப் பொம்மை செய்தார்கள். பிறகு அடுப்படிக்குச் சட்டி செய்தார்கள்.

“ஒரு குதிரை எங்கள் வயலைத் தின்றுவிட்டது. அதனால்தான் இப்போது அதை விற்றுச் சாப்பிடுகிறோம்” என்று முடித்துவிட்டுச் சிம்பா மீண்டும் சக்கரத்தைச் சுழற்றினார்.

ஊரின் பெயருக்கு இன்னொரு கதையும் உண்டு. இளவரசர் திபொநெகோரோவின் ஆட்களில் ஒருவரான கியாய் சோங் என்பவர் இங்கே தங்கி மண்பாண்டத் தொழிலை வளர்த்தார் என்றும், அவர் பெயரால் ஊர் கசோங்கான் ஆயிற்று என்றும் சொல்வார்கள். 1825 ஜூலையில் தெகல்ரெஜோவிலிருந்த தம் இல்லம் டச்சுப் படையினரால் எரிக்கப்பட்டபோது, திபொநெகோரோ தப்பிச் சென்று பாசறை அமைத்த செலாரோங் குகை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1830 வரை நடந்த அந்த ஜாவா யுத்தத்தில் நிலக் குத்தகையும் வரிச்சுமையும் பெரிய காரணங்களாக இருந்தன. ஆக, ஒரு கதையில் நிலத்துக்காகப் போரிட்டவரின் ஆள் வருகிறார். மற்றதில் நிலத்தை அஞ்சி விட்டவர்கள் வருகிறார்கள். கசோங்கான் மக்கள் முன்னதை மரியாதையோடு சொல்வார்கள். பின்னதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நம்பியது பின்னதைத்தான் என்று எங்களுக்குத் தோன்றியது.

*

சிம்பா செய்தவை எல்லாம் அடுப்படிப் பொருள்கள். சோறு வடிக்கும் ‘கெண்டில்’, அகன்ற வாயுள்ள ‘குவாலி’, மிளகாய் அரைக்கும் தட்டையான ‘சோவெக்’, கரியடுப்பான ‘அங்லோ’, மூக்கு வைத்த நீர்க்குடுவையான ‘கெண்டி’. கடைசிப் பெயரைக் கேட்டபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம் வீட்டுக் கெண்டிதான். வடமொழிக் குண்டிகையிலிருந்து வந்த சொல் என்பார்கள். எந்தக் கப்பலில் ஏறியதோ, பெயரும் உருவமும் மாறாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

மண்ணைக் கொண்டுவருவதும் மிதித்துப் பதப்படுத்துவதும் ஆண்கள். வனைவது பெண்கள். சிம்பா தாழ்வான மணையில் அமர்ந்து, ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, அது ஓய்வதற்குள் மறு கையால் விளிம்பை எழுப்பிவிடுவார். ஈரத் துணியால் ஒரு வளையம் வந்ததும் பானை பிறந்துவிடும். நாலைந்து நாள் காய்ந்தபின் கொல்லையில் அடுக்கி, வைக்கோலும் உலர்ந்த தென்னோலையும் மூங்கில் சீவல்களும் போட்டு மூடித் தீ வைப்பார்கள். சூளை எரியும் மாலைகளில் எங்கள் வீட்டுத் துணிகளிலெல்லாம் புகைவாசம் ஏறிவிடும். குறைசொல்லத் தோன்றியதில்லை, அந்த வாசத்தில் எங்கள் இருவருக்கும் வெவ்வேறு ஊர்கள் நினைவுக்கு வந்தன.

அடுப்படிச் சட்டி அலங்காரப் பொருளானது 1970களில். சப்தோ ஹூடோயோ என்ற ஓவியர் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து, மேற்பரப்பில் பூ வேலை செய்யவும், உருவங்கள் அமைக்கவும், பயன்பாட்டைத் தாண்டி விற்பனைக்கான அழகைப் பற்றி யோசிக்கவும் கற்றுக்கொடுத்தார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மண்சட்டியைச் சமையலறையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர் வராமலிருந்தால் கசோங்கான் சத்தமின்றி அடங்கியிருக்கக்கூடும். அடுத்த தலைமுறையில் ஆண்களும் வனையத் தொடங்கினார்கள். சிம்பாவின் மகன் பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி உருவங்கள் வார்த்தார்.

அவர் அதிகம் வார்த்தது ‘லோரோ ப்ளொன்யோ’ என்னும் இணைச்சிலையை. மணக்கோலத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் ஆணும் பெண்ணும். பெண் நெல்லின் தேவியான தேவி ஸ்ரீ. ஆண் அவளுடைய இணை சதோனோ. அந்த ஸ்ரீ நம்முடைய திருதான். ஜாவாவின் பழைய பெருங்குடும்பத்து வீடுகளில் நடு அறையை யாரும் படுக்காத மெத்தையிட்டு அவளுக்கென்று ஒதுக்கிவைப்பார்கள். அறுவடையின் முதற்கதிர் அங்கே போகும். அந்த அறையின் முன்னால் இந்த இணை அமர்ந்திருக்கும். வயல் செழிக்கவும் வீடு நிறையவும் அமர்ந்த தெய்வங்கள் அவை. இப்போது அவை விடுதி வரவேற்பறைகளுக்கும் திருமணப் பரிசுகளுக்கும் போகின்றன.

“உங்கள் வீட்டில் ஒரு லோரோ ப்ளொன்யோ இல்லையே, சிம்பா?” என்று ஒருநாள் கேட்டோம். மகன் கொல்லையில் வரிசையாகக் காயவைத்திருந்த நாற்பது தேவி ஸ்ரீகளைச் சிம்பா திரும்பிப் பார்த்தார். “வயல் உள்ளவர் வீட்டில் அல்லவா அவள் உட்காருவாள்? இங்கே அவள் பிறந்துவிட்டுப் போகிறாள்” என்றார்.

இந்தோனேசிய மொழியில் நிலத்துக்கும் மண்ணுக்கும் ‘தானா’ என்ற ஒரே சொல்தான். தமிழிலும் ‘மண்’ என்று இரண்டையும் சொல்கிறோம். அவர்கள் தாய்நாட்டை ‘தானா ஆயர்’ என்பார்கள்: மண், நீர். நாட்டுப்பற்றுப் பாடல்களிலெல்லாம் வரும் சொல். சிம்பாவின் சக்கரத்தருகே இருந்ததும் அந்த இரண்டும்தான், ஒரு குவியலும் ஒரு வாளியுமாக. ஒரு தானாவை இழந்தவர்கள் இன்னொரு தானாவைக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்று நாங்கள் அப்போது எங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். அழகான வாக்கியம் என்று நினைத்தோம். அயல்நாட்டவர் அங்கே நிலத்தை முழுவுரிமையோடு வாங்க 1960ஆம் ஆண்டு நிலச்சட்டம் இடங்கொடுப்பதில்லை. எங்களுக்கும் வாங்கும் உத்தேசம் இல்லை. நிலத்தைப் பற்றி அழகான வாக்கியங்கள் எழுத அது வசதியான நிலைதான்.

*

2006 ஏப்ரல் 29 அன்று எங்கள் மகள் பிறந்தாள். நகர மருத்துவமனை ஒன்றில் செவிலி குழந்தையை எங்களிடம் தருமுன் ஒரு பொட்டலத்தைத் தந்தாள். உள்ளே நஞ்சுக்கொடி. அதை என்ன செய்வது என்று தெரியாமல், ஏதோ களவுப் பொருளைப் போலத் துணிப்பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சிம்பா வாசலிலேயே காத்திருந்தார், கையில் புதிய கெண்டில் ஒன்றோடு.

ஜாவாவில் குழந்தை தனியாகப் பிறப்பதில்லை. முதலில் வரும் பனிக்குடநீர் மூத்த உடன்பிறப்பு. பின்னால் வரும் நஞ்சுக்கொடி இளைய உடன்பிறப்பு. அவ்விரண்டும் வாழ்நாள் முழுவதும் அந்த மனிதனைக் காக்கும் என்பது நம்பிக்கை. ஆகவே நஞ்சுக்கொடியைக் கழுவி, உப்பும் பூவும் இட்டு, மண்பானையில் வைத்து, வீட்டு வாசலருகே தந்தை புதைக்கவேண்டும். பிள்ளை தையலும் படிப்பும் கற்கவேண்டுமென்று ஊசி, நூல், பென்சில், எழுத்து எழுதிய தாள் ஆகியவற்றையும் உள்ளே வைப்பார்கள். சிம்பாவின் பேரன் ஒரு தாளில் ஜாவா எழுத்தும் அரபு எழுத்தும் ரோமன் எழுத்தும் எழுதிக் கொண்டுவந்திருந்தான். சிம்பா அதைப் பார்த்துவிட்டு, “உங்கள் ஊர் எழுத்து எங்கே? அவளுக்கு அதுவல்லவா வேண்டும்” என்றார். அ முதல் ஔ வரை எழுதிக் கொடுத்தோம். ஆய்தத்தை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு சிறு விவாதம் நடந்ததும் எழுதியதும் நினைவிருக்கிறது.

பெண் குழந்தை என்பதால் வாசலுக்கு இடப்புறம் குழி. புதைத்தபின் அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, உள்ளே விளக்கு எரியவேண்டும். அந்தக் காலத்தில் எண்ணெய்த் திரி; இப்போது ஐந்து வாட் மின்விளக்கு. வீட்டுக்குள்ளிருந்து கம்பி இழுத்து மாட்டினோம். 35 இரவுகள் அது அணையக்கூடாது. ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் ஜாவா வாரமும் ஒரு சுற்று முடிந்து மீண்டும் சந்திக்கும் காலம் அது, ‘செலாபான்’ என்பார்கள். அன்று அக்கம்பக்கத்தாருக்கு விருந்து.

பானைக்கு எவ்வளவு என்று கேட்டோம். “இரண்டாயிரம் ரூபியா. ஆனால் இப்போது வாங்கமாட்டேன். செலாபான் அன்று கொடுங்கள், விளக்கு எரியும்போது கணக்குப் பார்க்கக்கூடாது” என்றார் சிம்பா.

*

அந்த மே மாதம் முழுக்க எல்லோருடைய கண்களும் வடக்கே இருந்தன. மெராபி எரிமலை குமுறிக்கொண்டிருந்தது. உச்சநிலை எச்சரிக்கை விடுத்து மலைச்சரிவுக் கிராமங்களைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் இருந்ததோ தெற்கே, சமவெளியில். மலை கோபித்தால் இவ்வளவு தூரம் சாம்பல்தான் வரும் என்று ஆறுதலாக இருந்தோம்.

மே 27, சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகத் தெற்கிலிருந்து வந்தது. குழந்தை அன்று விடியுமுன்பே விழித்து அழுததால், அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களில் ஒருவர் வாசலில் உலவிக்கொண்டிருந்தார். மற்றவர் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். முதலில் பெரிய லாரி ஒன்று வருவதைப் போன்ற ஒலி. பிறகு தரை தரையாக இல்லாமல் போயிற்று. “லிண்டு! லிண்டு!” என்று நாற்புறமும் அலறல். நிலநடுக்கத்துக்கு ஜாவா மொழியில் அதுதான் சொல், அன்றுதான் கற்றுக்கொண்டோம். ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தது. அடுப்படியில் இருந்தவர் எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. புழுதி அடங்கியபின் பார்த்தோம். கம்பி வைக்காமல் கட்டிய படுக்கையறைச் செங்கற்சுவர், குழந்தை வழக்கமாக உறங்கும் கட்டிலின்மேல் முழுதாகச் சாய்ந்து கிடந்தது.

அந்த நிமிடத்தில் 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பந்துல் மாவட்டத்தினர். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இந்த எண்கள் எல்லாம் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்தது எங்கள் சந்து மட்டும். சிம்பாவின் வீட்டுக் கூரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது. உலரவைத்தவை, சுட்டவை, விற்பனைக்கு அடுக்கியவை அனைத்தும் ஓடுகளாகக் கிடந்தன. மகன் வார்த்த தேவி ஸ்ரீகளில் ஒன்றுகூடத் தலையோடு இல்லை. சிறிது நேரத்தில் கடல் பொங்கி வருகிறது என்று ஒரு புரளி. 2004 ஆச்சேப் பேரலையின் நினைவு எல்லோருக்கும் பசுமையாக இருந்தது. சாலையில் மக்கள் மோட்டார் சைக்கிள்களில் வடக்கு நோக்கிப் பறந்தார்கள். நாங்களும் குழந்தையோடு ஓட எத்தனித்தபோது சிம்பா எங்கள் கையைப் பிடித்து நிறுத்தினார். “கடல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மஸ். அது வருவதற்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்துவிடலாம்.”

நான்கு இரவுகள் ஒரே தார்ப்பாய்க்கடியில் பதினோரு பேர் படுத்திருந்தோம். பகலில் இளைஞர்கள் வீடுவீடாக முறைவைத்து இடிபாடுகளை அகற்றினார்கள். எங்கள் வீட்டின் முறை வந்தபோது, அது வாடகை வீடுதான், நீங்கள் உங்களுடையதைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டோம். பெருந்தன்மையாகத்தான் சொன்னதாக நினைவு. ஐந்தாம் நாள் எங்கள் நிறுவனம் அனுப்பிய கார் வந்தது. அது எங்களைச் சோலோ விமான நிலையத்துக்குக் கொண்டுபோயிற்று. காரில் ஏறுமுன் சிம்பாவைத் தேடினோம். உணவுப் பொட்டலம் வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள். ஓட்டுநர் அவசரப்பட்டார். நாங்களும் அவசரப்பட்டோம் என்பதே உண்மை.

வழியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. நாம் இங்கே விருந்தாளிகள். இது நம் ஊரல்ல. வீடும் நம்முடையதல்ல. கைக்குழந்தை இருக்கிறது. எல்லாம் உண்மையே. தாயகம் வந்து பல மாதங்கள் கழித்து, பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, குதிரைக் கதையை எழுதியிருந்த பக்கம் கண்ணில் பட்டது. அதை ஒருவர் படித்துவிட்டு மற்றவரிடம் கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

*

மகள் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தாள். தம்பியோ தங்கையோ இல்லையென்று அழும்போதெல்லாம், உன் உடன்பிறப்பு ஜாவாவில் ஒரு பானைக்குள் இருக்கிறது என்று சொல்லிச் சமாதானப்படுத்துவோம். பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்வது ஒருநாள் கணக்குக் கேட்டுத் திரும்பி வரும். 2024இல் பதினெட்டு வயது நிறைந்ததும் அவள் கேட்ட பரிசு யோக்யகர்த்தா பயணம். “அதைப் பார்க்க வேண்டும்” என்றாள். மறுப்பதற்குக் காரணம் தேடினோம், கிடைக்கவில்லை.

சாலை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் போயிருந்தபோது கடைகளுக்கு நடுவே நெல் தெரியும். இப்போது கடைகளுக்கு நடுவே கடைகள். குதிரைகள் அப்படியே இருந்தன. பெயிண்ட் அடித்த குதிரைகள் கூடியிருந்தன. உள்ளே செல்லச் செல்ல, வயல்கள் இருந்த இடங்களில் மதில் சூழ்ந்த புதிய குடியிருப்புகள். வாயிலில் காவலர் கூண்டு, பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை. நகரம் தன் 32.5 சதுர கிலோமீட்டருக்குள் இடமின்றி இங்கே வந்து படுத்துவிட்டது. நாங்கள் வாழ்ந்த வீட்டின் சொந்தக்காரர் நிலநடுக்கத்துக்குப் பின் மனையை விற்றுவிட்டார் என்பதை முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அங்கேயும் ஒரு மதில்.

சிம்பாவின் வீடு இருந்தது. 2006க்குப் பிறகு அண்டை அயலார் முறைவைத்துக் கட்டிக்கொண்ட வீடுகளில் ஒன்று. சிறியது, கம்பி வைத்துக் கட்டியது. எண்பது வயதுச் சிம்பா வாசலில் அமர்ந்து எங்களைக் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். எங்களை அடையாளம் தெரியவில்லை. மகளைப் பார்த்ததும், “லிண்டுவுக்கு நான்கு வாரம் முன்னால் பிறந்தவள்தானே?” என்றார். அந்த ஊரில் எல்லோருடைய வயதும் அந்த நாளை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

கொல்லையில் களிமண் பிளாஸ்டிக் உறைகளுக்குள் கிடந்தது. வேறு ஊர்களிலிருந்து லாரியில் வருகிறது, பணம் கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றார் மகன். வயல் போனபின் மண்ணாவது கையில் இருந்தது என்று நாங்கள் எழுதிவைத்த அழகான வாக்கியம் இப்போது அவ்வளவு சரியில்லை. கொள்ளைநோய்க் காலத்தில், 2020இல், வெளியூரார் வருகை நின்றுபோய் அவர் கட்டட வேலைக்குச் சென்றிருக்கிறார், இந்த மதில் குடியிருப்புகளில் ஒன்றைக் கட்டுவதற்கு. பேரன் நகரில் கணினி பழுதுபார்க்கிறான். “வயல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் அல்லவா, சிம்பா?” என்று கேட்டோம். “இருந்திருந்தால் இவன் அதை விற்று இந்நேரம் கார் வாங்கியிருப்பான்” என்று மகனைக் காட்டினார். மகன் மறுக்கவில்லை.

சிம்பா இப்போது கெண்டில் மட்டும்தான் வனைகிறார், அதுவும் மாதத்துக்குச் சில. சமையலுக்கு யாரும் வாங்குவதில்லை. பிள்ளை பிறந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள். புதிய குடியிருப்புகளில் இருக்கும் நகரவாசிகள்தாம் அதிகம். வீடு, கார், இணையம் எல்லாம் தயாராக இருக்கிறது. ஆனால் நஞ்சுக்கொடியை மருத்துவமனை கையில் கொடுத்ததும் சிம்பாவிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

மகள் தன் கேள்வியைக் கேட்டாள். சிம்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். காவலர் அவரைக் கண்டதும், “மொங்கோ, சிம்பா” என்று வழிவிட்டார். மதிலுக்குள் எட்டு வீடுகள். மூன்றாவது வீட்டின் முன்னே ஓடு பதித்த கொட்டகையில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஜாவாவில் விரல் நீட்டிக் காட்டுவது மரியாதையல்ல. சிம்பா கட்டைவிரலை மெல்ல நீட்டி, “அந்தப் பின் சக்கரத்துக்குக் கீழே” என்றார்.

மகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் குனிந்து அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இத்தனை வருடத்துக்குப் பிறகு எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும்?” என்று எங்களிடம் தமிழில் கேட்டாள். நாங்கள் மொழிபெயர்த்தோம்.

“ஏழு இரவு அங்கே வந்து விளக்கு ஏற்றினேனே” என்றார் சிம்பா. நீங்கள் போனபோது செலாபானுக்கு இன்னும் நாள் இருந்தது. மின்சாரம் இல்லை. பிள்ளையை எங்கோ கொண்டுபோகிறார்கள், இங்கே இதுவும் இருட்டில் கிடந்தால் என்ன ஆவது என்று தோன்றியது. நிவாரணத்தில் வந்த மீன் டப்பா ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரிபோட்டு வைத்தேன். லிண்டு வந்த இரவையும் சேர்த்து எண்ணினால் ஏழு. கூடை நசுங்கிவிட்டது, உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்தேன். காற்று அணைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது அவர் குரலில் எவ்வித மாற்றமும் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் வெளியூர் போனால் கோழிக்குத் தீனி போட்டதைச் சொல்வதுபோல் சொன்னார். முதல் நான்கு இரவுகள் நாங்களும் அதே தார்ப்பாயின் கீழ் இருந்தோம். அவர் எழுந்து போனதை ஒருமுறைகூட நாங்கள் கவனிக்கவில்லை. கேட்கவும் இல்லை.

திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தோம். பனஞ்சர்க்கரை கலந்த தேநீர் வந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், எங்களில் ஒருவர் பணப்பையைத் திறந்து, பெரிய நோட்டுகளாகச் சிலவற்றை எடுத்துச் சிம்பாவின் முன் வைத்தார். அவர் அதை மகளின் பக்கம் தள்ளிவிட்டு, “இது எதற்கு?” என்றார்.

“அந்தப் பானைக்கு. செலாபான் அன்று தருவதாகச் சொன்னோமே.”

சிம்பா சற்று யோசித்தார். நினைவு வந்ததும் முகம் மலர்ந்தது. “ஆமாம். இரண்டாயிரம்” என்றார்.

பையைத் துழாவி ஒரு இரண்டாயிரம் ரூபியா நோட்டை மகள் எடுத்துக் கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கொடுக்கும் தொகை. சிம்பா அதை இரண்டாக மடித்து, முந்தியில் முடிந்துகொண்டார். பெரிய நோட்டுகள் தரையிலேயே இருந்தன. நாங்கள் மீண்டும் அவற்றை நீட்ட முயன்றபோது, முடிச்சின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“அது உங்களுடையது. இதுதான் என்னுடையது.”